0.6-உம் 0.8-உம் செங்கோணத்தில் சேர்ந்தால் ஏன் 1 ஆவதில்லை? சார்பியலுக்குள் இருக்கும் லோபச்செவ்ஸ்கி வடிவியல்

கோணமானி எழுதியது:

வணக்கம். கல்லூரியில் நான் படித்தது வேதியியல். சிறப்புச் சார்பியலை இப்போதுதான் ஓய்வு நேரத்தில் நானாகவே படித்து வருகிறேன். திசைவேகங்களைக் கூட்டும் பகுதியில் மூன்று நாள்களாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரே திசையில் செல்லும் வேகங்களில் எனக்குச் சிக்கல் இல்லை. ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 0.5-உம் 0.5-உம் சேர்ந்து 0.8 ஆகின்றன. வாய்பாடு சொல்வதை ஏற்றுக்கொண்டேன். திசை மாறும்போதுதான் குழப்பம். விண்வெளி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு கலம் கிழக்கு நோக்கி 0.6 வேகத்தில் செல்கிறது. அந்தக் கலத்தில் இருப்பவர் தம் கணக்கில் நேர் வடக்கே 0.8 வேகத்தில் ஒரு சிறுகலத்தை ஏவுகிறார். நிலையத்திலிருந்து பார்த்தால் சிறுகலத்தின் வேகம் கிழக்கே 0.6, வடக்கே 0.64 என்று வருகிறது, மொத்தம் 0.877, கிழக்கிலிருந்து 46.85 பாகை. வரிசையை மாற்றி, முதலில் வடக்கே 0.8, பிறகு கிழக்கே 0.6 என்று போட்டால், கிழக்கே 0.36, வடக்கே 0.8 என்று வருகிறது. மொத்தம் அதே 0.877தான், ஆனால் திசை 65.77 பாகை. நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், பிழை எங்கே என்று தெரியவில்லை.

இதற்கு லோபச்செவ்ஸ்கியின் அதிபரவளைய வடிவியல்தான் (இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் எடுகோளை மறுக்கும் வடிவியல்) அடிப்படை என்று ஓரிடத்தில் ஒரு வரி படித்தேன். ஆனால் மின்கோவ்ஸ்கியின் காலவெளி வளைவே இல்லாதது என்றுதான் எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. வளைவில்லாத ஒன்றுக்குள் வளைந்த வடிவியல் எப்படி வந்தது?

இணைகோடு எழுதியது:

உங்கள் கணக்கில் பிழை இல்லை. இரண்டு விடைகளும் சரியானவை, அவை வேறுபடுவதும் சரியே. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

காலவெளி வளையவில்லை. வளைந்திருப்பது திசைவேகங்களின் வெளி. அந்த வெளியில் ஒரு புள்ளி என்பது ஓர் இடமும் அன்று, ஒரு நிகழ்வும் அன்று. சீரான வேகத்தில் செல்லும் ஒரு நோக்குநரைத்தான் அது குறிக்கிறது. உங்கள் நிலையம் ஒரு புள்ளி, கலம் ஒரு புள்ளி, சிறுகலம் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு, அவ்விருவரின் சார்பு வேகத்தைப் பொறுத்தது. ஆனால் சார்பு வேகத்தையே தொலைவாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருக்கும் தொலைவுகள் கூட்டினால் சேர வேண்டும். வேகங்கள் அப்படிச் சேர்வதில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

சேரக்கூடிய அளவு எது என்று கண்டுபிடிக்க விளக்கு ஒன்று போதும். நிலையம் தன் கடிகாரத்தில் நொடிக்கு ஒரு முறை மின்னுகிறது. 0.6 வேகத்தில் விலகிச் செல்லும் கலத்துக்கு அந்த மின்னல்கள் இரண்டு நொடிக்கு ஒன்றாக வந்து சேரும். இதுதான் டாப்ளர் விகிதம், 0.6-க்கு அது மிகச் சரியாக 2, 0.8-க்கு மிகச் சரியாக 3. இப்போது அந்தக் கலத்திலிருந்து அதே திசையில் இன்னொரு கலம் 0.6 வேகத்தில் விலகிச் சென்றால், இரண்டு நொடி இடைவெளி அங்கே நான்கு நொடியாகும். விகிதம் 4 என்றால் வேகம் 15/17, அதாவது 0.882. ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டு வாய்பாட்டிலும் இதே விடைதான் வரும், போட்டுப் பாருங்கள். பெருக்கிச் சேர்வதை மடக்கை எடுத்தால் கூட்டிச் சேரும். அந்த மடக்கைதான் ராப்பிடிட்டி. 0.6-இன் ராப்பிடிட்டி 0.693, 0.8-இன் ராப்பிடிட்டி 1.099. (தமிழில் இதை விரைவு என்று சிலர் எழுதுகிறார்கள், வேகத்தோடு குழம்பும் என்பதால் நான் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.)

ஒளிவேகத்தின் ராப்பிடிட்டி முடிவிலி. ஆகவே எல்லாத் திசைவேகங்களையும் ஒரு வட்டத்தட்டுக்குள் வரைந்தால், மையம் நீங்கள், விளிம்பு ஒளி. விளிம்பு தாளில் பத்து சென்டிமீட்டரில் இருந்தாலும், உள்ளே இருப்பவருக்கு அது எட்டாத் தொலைவு. 1868இல் பெல்ட்ராமி லோபச்செவ்ஸ்கி வடிவியலுக்குக் கொடுத்த மாதிரி இதே தட்டுதான். பிறகு கிளைனின் பெயரும் அதோடு சேர்ந்துகொண்டது. அதில் நேர்கோடுகள் எல்லாம் வட்டத்தின் நாண்கள்.

உரைகல் எழுதியது:

இடையிடுவதற்கு மன்னிக்கவும். இது எனக்கு வெறும் குறியீட்டு விளையாட்டாகவே தோன்றுகிறது. வேகத்துக்குப் பதிலாக மடக்கையை எழுதினால் கணக்கு எளிதாகிறது, அவ்வளவுதான். கற்பனைக் கோணம், அதாவது கற்பனை எண்ணாலான கோணம், வைத்துச் சாதாரணச் சுழற்சியாகவும் இதை எழுதிவிடலாம். பழைய நூல்கள் அப்படித்தான் எழுதின. இதற்கு லோபச்செவ்ஸ்கியை ஏன் அழைக்க வேண்டும்? ஒரு கணக்கு வசதியை இயற்கையின் வடிவியல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சுண்ணக்கட்டி எழுதியது:

நண்பர் உரைகல் தம்மை அறியாமலே லோபச்செவ்ஸ்கியை அழைத்துவிட்டார். கற்பனைக் கோணம் என்ற வழியில் முதலில் சென்றவர் சோமர்ஃபெல்ட். 1909இல் அவர், திசைவேகங்களின் சேர்க்கை என்பது கற்பனை ஆரம் கொண்ட ஒரு கோளத்தின் மேல் முக்கோணம் வரைவதே என்று காட்டினார். ஆனால் கற்பனை ஆரம் கொண்ட கோளம் என்றால் என்ன? அதற்கு நூறாண்டுக்கும் முன்பே லாம்பர்ட் அந்தச் சொல்லை வைத்துவிட்டார். இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் எடுகோளை மறுத்தால் முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குக் குறைகின்றன, அந்தக் குறைவு பரப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதைக் கண்ட அவர், இப்படிப்பட்ட வடிவியல் கற்பனைக் கோளத்தின் மேல் பொருந்தும் போலிருக்கிறது என்று ஐயுற்றார். 1829இல் கஸானில் லோபச்செவ்ஸ்கியும், 1832இல் போயாயும் வெளியிட்டது அந்த வடிவியலைத்தான். சோமர்ஃபெல்ட் வேறு பெயர்ப்பலகை வைத்திருந்தார், கடை ஒன்றேதான்.

பலகையை மாற்றியவர் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த வரிச்சாக். 1910 முதல் தொடர்ந்து எழுதி, சார்பியலின் வாய்பாடுகளுக்கு லோபச்செவ்ஸ்கி வடிவியலில் ஒரு பொருள் உண்டு என்று காட்டினார். 1924இல் அது ஒரு நூலாகவும் வந்தது. ராப்பிடிட்டி என்ற சொல்லை 1911இல் ராப் என்னும் அயர்லாந்துக்காரர் உருவாக்கினார். ஆனாலும் இந்த வழி முதன்மைச் சாலையாகவில்லை. மின்கோவ்ஸ்கி 1908 செப்டம்பரில் கோல்ன் நகரில் ஆற்றிய உரைக்குப் பிறகு நான்கு பரிமாண எழுத்துமுறை வேரூன்றிவிட்டது. மின்காந்தவியலையும் பிறகு ஈர்ப்பையும் எழுத அதுவே ஏற்றதாக இருந்தது. வரிச்சாக்கின் வழி இயக்கவியலுக்கு அழகாகப் பொருந்தியது, அதற்கு அப்பால் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அவருடைய பெயர் மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை அநீதி என்று சொல்லமாட்டேன்.

கோணமானி எழுதியது:

வரலாறு சுவையாக இருக்கிறது, நன்றி ஐயா. ஆனால் என்னுடைய 46.85-உம் 65.77-உம் இன்னும் அப்படியே நிற்கின்றன.

இணைகோடு எழுதியது:

அதற்கே வருகிறேன், உரைகல் கேட்டதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எடுத்த எண்களில் ஒரு நயம் இருக்கிறது. 0.6-உம் 0.8-உம் செங்கோணத்தில் சேர்ந்தால், பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்கில் மிகச் சரியாக 1, அதாவது ஒளிவேகம் வந்துவிடும். 3, 4, 5 முக்கோணம். இயற்கை அதை அனுமதிப்பதில்லை, ஏனென்றால் திசைவேக வெளியில் நடப்பது வேறொரு பிதாகரஸ் தேற்றம். அங்கே பக்கங்களின் வர்க்கங்கள் கூடுவதில்லை. காமா காரணிகள் (நகரும் கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாக ஓடுகிறது என்ற அளவு) ஒன்றோடொன்று பெருகுகின்றன. 0.6-க்குக் காமா 1.25, 0.8-க்கு 1.667, பெருக்கினால் 2.083. அதற்குரிய வேகம் 0.877. லோபச்செவ்ஸ்கி தம் வடிவியலில் செங்கோண முக்கோணத்துக்கு எழுதியதும் இதே தொடர்புதான்; அதில் பக்கத்தின் அதிபரவளையக் கோசைன் வரும் இடத்தில் நாம் காமா என்று எழுதுகிறோம்.

இப்போது கோணங்களுக்கு வருவோம். நிலையம், கலம், சிறுகலம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். கலத்தில் உள்ள கோணம் 90. நிலையத்தில் உள்ள கோணம் நீங்கள் கண்ட 46.85. சிறுகலத்தில் உள்ள கோணம், அதாவது சிறுகலத்திலிருந்து நிலையத்தையும் கலத்தையும் பார்க்கும் திசைகளுக்கு இடையிலான கோணம், 24.23. மூன்றையும் கூட்டினால் 161.08 வருகிறது. 180-க்குக் குறைவது 18.92 பாகை.

உங்கள் இரண்டு விடைகளின் வேறுபாட்டைப் பாருங்கள். 65.77-இலிருந்து 46.85-ஐக் கழித்தால் 18.92.

இது தற்செயல் அன்று. யூக்ளிடின் தளத்தில் கிழக்கே ஆறடி, வடக்கே எட்டடி நடந்தாலும், வடக்கே எட்டடி, கிழக்கே ஆறடி நடந்தாலும் ஒரே இடத்துக்கு வருவோம். ஏனென்றால் இரண்டு வழிகளும் சேர்ந்து ஒரு செவ்வகம் ஆகின்றன. லோபச்செவ்ஸ்கியின் தளத்தில் செவ்வகம் என்ற உருவமே கிடையாது. நான்கு செங்கோணங்கள் கொண்ட நாற்கரத்தை அங்கே வரையவே முடியாது. ஆகவே உங்கள் இரண்டு வழிகளும் இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் முடிகின்றன, அவற்றுக்கு இடையிலான கோண இடைவெளிதான் முக்கோணத்தின் குறைபாடு. அந்தக் குறைபாடுதான் முக்கோணத்தின் பரப்பும்கூட, ரேடியனில் 0.33.

உரைகல் எழுதியது:

இந்தப் பொருத்தம் அழகானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அளந்து பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்றில் இந்தப் பரப்பு தென்பட்டால்தான் அதை இயற்பியல் என்று சொல்வேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

தென்பட்டது, அதுவும் ஒரு பெரிய சங்கடத்தைத் தீர்த்துக்கொண்டு. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்ற கருத்து 1925இல் வந்தபோது, அதை வைத்துக் கணக்கிட்ட நிறமாலைப் பிளவு, அளந்ததைப் போல இரண்டு மடங்காக இருந்தது. 1926இல் தாமஸ் அந்த இரண்டைத் தீர்த்துவைத்தார். கருவைச் சுற்றும் எலக்ட்ரானின் திசைவேகம் கணத்துக்குக் கணம் திரும்புகிறது. ஒரு சுற்று முடியும்போது திசைவேக வெளியில் அது ஒரு மூடிய வளையத்தை வரைந்துவிடுகிறது. அந்த வளையம் அடைக்கும் பரப்பளவுக்கு, எந்தத் திருப்புவிசையும் இல்லாமலே, எலக்ட்ரானின் அச்சு திரும்பிவிடுகிறது. கோணமானியின் 18.92 பாகையும் இதே திருப்பந்தான். அவர் மூன்று முனைகளோடு நிறுத்திக்கொண்டார், எலக்ட்ரான் வட்டமாகவே வரைகிறது.

ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு. அந்த ஆரத்தில் ஒரு வட்டத்தின் பரப்பு, பை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று எடுத்தால், 0.00017 ரேடியன். பாகையில் சொன்னால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எலக்ட்ரான் ஒரு நொடியில் கோடிக்கணக்கான கோடி முறை சுற்றுகிறது அல்லவா, அதனால் சேர்ந்துவிடுகிறது. தாமஸுக்கு முன்பே, 1913இல், பொரெல் இந்தத் திருப்பத்தை லோபச்செவ்ஸ்கி வடிவியலின் வழியே முன்னறிந்து எழுதியிருந்தார். அப்போது அதற்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

உரைகல் எழுதியது:

சரி, விளையாட்டு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்று கேட்கலாமா? நான்கு பரிமாணத் திசைவேகங்கள் எல்லாம் காலவெளியில் ஓர் அதிபரவளையப் பரப்பின் மேல் இருக்கும் என்று படித்திருக்கிறேன். படத்தில் அது ஒரு கிண்ணத்தைப் போல இருக்கிறது. கிண்ணத்துக்கு நேர்மறை வளைவுதானே? சேணத்துக்குத்தானே எதிர்மறை வளைவு?

இணைகோடு எழுதியது:

கிண்ணத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் சிக்கல். நம் கண் யூக்ளிடின் அளவுகோலைக் கொண்டுபோகிறது. அங்கே செல்லுபடியாகும் அளவுகோல், காலத்தின் வர்க்கத்திலிருந்து இடத்தின் வர்க்கத்தைக் கழிக்கும் மின்கோவ்ஸ்கியின் அளவுகோல். அந்த அளவுகோலில் கிண்ணத்தின் ஒவ்வொரு புள்ளியும் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் இருக்கிறது. சுண்ணக்கட்டி ஐயா சொன்ன கற்பனைக் கோளம் அதுதான்.

வளைவின் குறியைக் கண்டுபிடிக்கப் பரப்புக்கு வெளியே போக வேண்டியதில்லை. கிண்ணத்தின் அடியில் நின்றுகொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். ராப்பிடிட்டி 1.099-ஐ ஆரமாக எடுத்தால், யூக்ளிடின் கணக்கில் சுற்றளவு 6.90 இருக்க வேண்டும். அங்கே அளந்தால் 8.38 வரும். பூமியைப் போன்ற கோளத்தின் மேல் வரைந்த வட்டத்துக்குச் சுற்றளவு குறையும், இங்கே கூடுகிறது. ஆகவே எதிர்மறை வளைவு. வேகம் கூடக்கூடத் திசைகளுக்கு இடையே இடம் பெருகிக்கொண்டே போகிறது என்றும் இதைச் சொல்லலாம்.

ஆறுமீன் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வான்நோக்குபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

லோபச்செவ்ஸ்கி வடிவியலின் உயிர்நிலை இணைமைக் கோணம். ஒரு கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியில் நின்று, அந்தக் கோடு எந்த முடிவிலியை நோக்கிச் செல்கிறதோ அதே முடிவிலியை நோக்கி ஒரு கோடு இழுத்தால், யூக்ளிடிடம் அது செங்குத்துக்கு 90 பாகையில் இருக்கும். லோபச்செவ்ஸ்கியிடம் அதைவிடக் குறையும். தொலைவு கூடக்கூட இன்னும் குறையும். இப்போது அந்தக் கோட்டைத் திசைவேக வெளியில் வையுங்கள். முடிவிலியில் இருக்கும் புள்ளி என்பது தட்டின் விளிம்பு, அதாவது ஓர் ஒளிக்கதிர். வெளியே நிற்கும் புள்ளி, நகரும் நோக்குநர். சூரியனோடு நிற்பவருக்கு நேர் குத்தாக வரும் விண்மீன் ஒளி, பூமியோடு நகர்பவருக்குச் சற்றே சாய்ந்து வரும். அப்படிச் சாய்ந்த ஒளி, நகரும் திசையோடு செய்யும் கோணத்தின் கோசைன், சார்பு வேகத்துக்குச் சமம். இணைமைக் கோணத்துக்கு லோபச்செவ்ஸ்கி கொடுத்த வாய்பாடும் அச்சொட்டாக இதேதான். இரண்டும் ஒன்று என்று வரிச்சாக் கவனித்திருக்கிறார்.

பூமியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், ஒளிவேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்தக் கோணம் 90 பாகையிலிருந்து குறையும் அளவு, அதாவது சாய்வு, 20.5 வில்நொடி. இந்த ஒளிப் பிறழ்ச்சியைப் பிராட்லி 1729இல் அறிவித்தார். இல்லாத ஒரு வடிவியலின் இணைமைக் கோணத்தை, அது பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் தொலைநோக்கியால் அளந்துவிட்டார் என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

உரைகல் எழுதியது:

சிரிப்பதற்கு முன் ஒரு தடை. பிராட்லி தம் கண்டுபிடிப்பைத் திசைவேகங்களைச் சாதாரணமாகக் கூட்டித்தான் விளக்கினார், மழையில் நடப்பவர் குடையைச் சாய்ப்பதைப் போல. அந்தக் கணக்கிலும் 20.5 வில்நொடிதானே வருகிறது? அப்படியானால் அவர் அளந்தது லோபச்செவ்ஸ்கியின் கோணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆறுமீன் எழுதியது:

நியாயமான தடை, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, பூமியின் வேகத்துக்கு ஒரு வில்நொடியில் கோடியில் ஒரு பங்கு அளவே வரும். பிராட்லியின் கருவியால் அதைக் கனவிலும் காண முடியாது. அவர் அளந்த கோணம் அதுதான். அந்த வடிவியல்தான் என்று தீர்ப்புச் சொல்லும் வல்லமை அந்த அளவீட்டுக்கு இல்லை.

துகள்துரத்தி எழுதியது:

ராப்பிடிட்டி பழங்கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; துகள் மோதிகளில் வேலை செய்பவர்களுக்கு அது அன்றாட அளவு. ஜெனீவா அருகே உள்ள பெரிய ஹாட்ரான் மோதியில் ஒரு புரோட்டானை 6.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டுசென்றபோது அதன் காமா ஏறத்தாழ 6,930. வேகம் 0.99999999. இந்த ஒன்பதுகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ராப்பிடிட்டியில் சொன்னால் 9.5. எதிரெதிராக வரும் இரண்டு கற்றைகளுக்கு இடையிலான தொலைவு 19. கற்றையின் வழியே நோக்குநர் எந்த வேகத்தில் சென்றாலும், கற்றைத் திசையில் கணக்கிட்ட ராப்பிடிட்டிகளின் வேறுபாடு மாறுவதில்லை என்பதால், சிதறும் துகள்களை அதை அச்சாக வைத்தே வரைகிறோம்.

இன்னொரு கணக்கு, பொழுதுபோக்குக்காக. பூமியின் ஈர்ப்பு அளவுக்கு முடுக்கத்தோடு ஒரு கலம் சென்றுகொண்டே இருந்தால், கலத்துக் கடிகாரத்தில் ஏறத்தாழ 0.97 ஆண்டுக்கு ஒன்று வீதம் ராப்பிடிட்டி சீராகக் கூடும். அந்தப் புரோட்டானைப் பிடிக்கக் கலத்தில் இருப்பவருக்கு ஒன்பதேகால் ஆண்டு போதும். பூமியில் அதற்குள் 6,700 ஆண்டுகள் ஓடியிருக்கும்.

கோணமானி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தாளில் பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் தட்டை வரைந்தேன். மையம் நிலையம். கிழக்கே 6 சென்டிமீட்டரில் கலம். அங்கிருந்து செங்குத்தாக 6.4 சென்டிமீட்டர் மேலே சிறுகலம். மையத்தில் கோணமானியை வைத்தால் 47 பாகை, சரி. கலத்தில் 90, சரி. ஆனால் சிறுகலத்தில் வைத்தால் 24-க்குப் பதிலாக 43 வருகிறது. கூட்டினால் 180. குறைபாடு எங்கே போயிற்று?

இணைகோடு எழுதியது:

பெல்ட்ராமியின் தட்டு கோடுகளை நேராக வைத்துக்கொள்வதற்குக் கொடுக்கும் விலை அது. மையத்தைத் தவிர மற்ற இடங்களில் கோணங்கள் பொதுவாகச் சிதைந்துவிடும். தாளில் வரைந்தது சாதாரண முக்கோணம் என்பதால் கோணமானி 180தான் காட்டும். கலத்தில் 90 சரியாக வந்ததற்குக் காரணம், அங்கே சந்திக்கும் இரண்டு கோடுகளில் ஒன்று மையத்தின் வழியே செல்வதும், மற்றது அதற்குச் செங்குத்தாக இருப்பதுந்தான்.

கோணங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் புவான்கரேயின் தட்டுக்கு மாறுங்கள். அதில் ராப்பிடிட்டியைப் பாதியாக்கி, அந்தப் பாதிக்குரிய வேகத்தை மையத்திலிருந்து தொலைவாக வைக்க வேண்டும். உங்கள் பத்து சென்டிமீட்டர் வட்டத்தில் கலம் 3.33 சென்டிமீட்டரிலும், சிறுகலம் 46.85 பாகைத் திசையில் 5.93 சென்டிமீட்டரிலும் வரும். கலத்தையும் சிறுகலத்தையும் இணைக்கும் கோடு இப்போது நேராக இருக்காது, விளிம்பைச் செங்குத்தாக வெட்டும் ஒரு வட்டத்தின் வில்லாக இருக்கும். சிறுகலத்தில் அந்த வில்லுக்குத் தொடுகோடு இழுத்து, அதன் மேல் கோணமானியை வையுங்கள்.

கோணமானி எழுதியது:

வைத்தேன். வில்லை வரைய வட்டத்தின் மையத்தைத் தாளுக்கு வெளியே, மேசையின் மேல் குறிக்க வேண்டியதாயிற்று. 24-க்கும் 25-க்கும் நடுவே முள் நிற்கிறது.